ஆறங்குலப் பலகையில் அக்ரிலிக்: கொழும்பு வீட்டிலிருந்து நிறம் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

நேற்றுக் காலை ஆறரைக்கு, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினி யன்னலோரம், ஒரு கத்தரிக்காயை வெள்ளைத் தட்டில் வைத்தேன். கத்தரிக்காய் என்ன நிறம் என்று யாரைக் கேட்டாலும் ஊதா என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த வெளிச்சத்தில் அதன் முதுகு வானத்தின் வெளிர்நீலமாக இருந்தது. பக்கவாடு கிட்டத்தட்டக் கறுப்பு. தட்டை ஒட்டிய அடிப்பகுதியில், தட்டின் வெள்ளை திருப்பி அடித்த வெளிச்சத்தில், செம்மண் கலந்த றோஸ். ஊதா என்று சொல்லத்தக்க இடம் காம்புக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தெரிந்தது.

சின்ன ஸ்டில் லைஃப் ஓவியங்கள் எனக்குக் கற்றுத்தந்தது இதைத்தான்: பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கண்ணுக்கு முன்னால் இருக்கும் நிறத்தைத் தீட்டுவது. பழம், காய், கோப்பை, போத்தல் என்று அசையாத பொருட்களை வைத்துத் தீட்டுவது பாடசாலையில் சித்திரம் படித்தவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே பரீட்சைக்கான நேரம்தான் கிடைத்தது, நிறத்தோடு மெனக்கெட நேரம் கிடைக்கவில்லை. வேலைக்குப் புறப்படும் முன் கிடைக்கும் முக்கால் மணித்தியாலத்தில் ஐந்து வருடமாக அக்ரிலிக்கில், அதாவது தண்ணீரில் கரைத்துத் தீட்டும் பெயின்டில், தீட்டிவருகிறேன். கொழும்பின் ஈரக்காற்றிலும் வெயிலிலும் எது சரிவந்தது, எது வரவில்லை என்பதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பலகையிலிருந்து தொடங்குங்கள்

அளவு 6 அங்குலத்துக்கு 6 அங்குலம், அல்லது 5க்கு 7. அதற்குமேல் வேண்டாம். இந்த அளவில் படம் முழுவதும் ஒரே பார்வைக்குள் அடங்கும். ஒரு மூலையில் வைத்த நிறம் மறு மூலையை என்ன செய்கிறது என்று தலையைத் திருப்பாமலே தெரியும். ஒரே அமர்வில் முடிக்கலாம். பிழைத்தாலும் பெரிதாக ஒன்றும் வீணாவதில்லை, அதனால் துணிந்து நிறம் போட மனம் வரும். பெரிய கன்வஸ் வாங்கிவைத்துவிட்டு அதைத் தொடப் பயந்து மாதக்கணக்கில் சுவரில் சாய்த்துவைத்திருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

மலிவான வழி சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த வாட்டர்கலர் தாள். நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு மட்டையில் பொருத்திக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைத் துண்டு. தளபாடம் செய்யும் இடங்களில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடைக்கும், கேட்டால் அளவுக்கு வெட்டியும் தருவார்கள். ஓரங்களை மணற்கடதாசியால் தேய்த்து, முன்பக்கம் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சை இரண்டு தடவை பூசுங்கள். பின்பக்கத்துக்கும் நான்கு ஓரங்களுக்கும் ஒரு பூச்சு கட்டாயம் வேண்டும். எம்.டி.எஃப். ஈரத்தை உறிஞ்சினால் ஓரம் பிஸ்கட் மாதிரி ஊதிவிடும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதை விட்டுவிட வேண்டாம். ஜெஸ்ஸோவுக்குப் பதிலாகச் சுவருக்கு அடிக்கும் வெள்ளை எமல்ஷன் பூசலாமா என்று கேட்பார்கள். பயிற்சிக்குப் பரவாயில்லை, காலம் நிற்க வேண்டிய படத்துக்கு வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருபது பலகையை ஒரேயடியாகத் தயார்செய்து அலுமாரியில் அடுக்கிவிடுங்கள். தீட்ட வேண்டும் என்று தோன்றும் காலையில் கையெட்டும் தூரத்தில் பலகை இருக்க வேண்டும். அன்றைக்கு ஜெஸ்ஸோ பூசி உலரவிட்டுக் காத்திருந்தால் அந்த ஆசை போய்விடும்.

ஐந்து டியூப் போதும்

கடையில் இருபத்துநான்கு நிறப் பெட்டியைப் பார்த்தால் கை நீளும். அதை விட்டுவிட்டு, அதே பணத்துக்குத் தரமான ஐந்து டியூப் வாங்குங்கள்: டைட்டேனியம் வெள்ளை, அல்ட்ராமரீன் நீலம், குவினாக்ரிடோன் மஜெந்தா, எலுமிச்சைச் சாயல் மஞ்சள், பேர்ன்ட் சியென்னா என்னும் செங்காவி. கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரீனும் செங்காவியும் சேர்ந்தால் கறுப்புக்கு மிக நெருங்கிய ஆழ்ந்த நிறம் வரும். நீலத்தைக் கொஞ்சம் கூட்டினால் குளிர்ந்த கறுப்பு, காவியைக் கூட்டினால் சூடான கறுப்பு.

வாங்கும்போது டியூபின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். முன்பக்கப் பெயரைக் கம்பனிகள் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். குறியீடு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டேனியம் வெள்ளை. பி.பி. 29 அல்ட்ராமரீன். பி.ஆர். 122 மஜெந்தா. ஒரு டியூபில் ஒரே குறியீடு இருந்தால் அது கலக்கும்போது தெளிவாக நிற்கும். ஏற்கெனவே மூன்று நிறமி கலந்த டியூபோடு இன்னொரு கலவையைச் சேர்த்தால் சேறுதான் மிஞ்சும். பெயரோடு 'ஹியூ' என்று போட்டிருந்தால், பெரும்பாலும் விலைகூடிய நிறமிக்குப் பதிலாக வேறொன்றை வைத்து அந்தச் சாயலைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழகுபவருக்கு அது குற்றமில்லை. குறியீட்டைப் பார்த்து, என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி.

தூரிகை மூன்று: அரை அங்குலத் தட்டை ஒன்று, கால் அங்குலத் தட்டை ஒன்று, மெல்லிய உருண்டை ஒன்று. செயற்கை மயிர்தான் அக்ரிலிக்குக்கு ஏற்றது. நிறம் கலக்க ஒரு சின்னக் கத்தி. தூரிகையால் கலக்கினால் அடிமயிருக்குள் பெயின்ட் ஏறி இறுகி, ஒரு மாதத்தில் தூரிகை விரிந்துவிடும்.

முதல் நாள் படம் வேண்டாம், நீலம் போட்ட வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்

வெள்ளைத் துணி மஞ்சள் படிந்து பழுப்பேறினால் எங்கள் அம்மா கடைசி அலசலில் நீலம் போடுவார். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு துளி. காய்ந்த பிறகு வேட்டி பளிச்சென்று இருக்கும். அழுக்கு எங்கேயும் போகவில்லை. ஊதாப் பக்கம் சாய்ந்த அந்த நீலம், துணியில் இருந்த மெல்லிய மஞ்சளை அடக்கிவிட்டது, அவ்வளவுதான். அந்தக் காலத்து நீலக்கட்டிகள் பலவற்றில் இருந்ததும் செயற்கை அல்ட்ராமரீன்தான், நம் டியூபில் இருக்கும் அதே பொருள். 1820களில் பிரான்ஸில் அதைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடிக்கும்வரை, ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வந்த லாபிஸ் லசூலி என்னும் கல்லை அரைத்துத்தான் அந்த நிறத்தை எடுத்தார்கள். ஐரோப்பிய ஓவியர்கள் பலருக்கு அது எட்டாத விலையில் இருந்தது. நம் வீடுகளில் பிறகு அது வாளித் தண்ணீரில் கரைந்தது.

வேட்டிக்கு வேலை செய்வது பலகையிலும் வேலை செய்யும். ஒரு நிறம் கத்துகிறது என்றால் அதன் எதிர்நிறத்தில் ஒரு சிட்டிகை சேர்த்தால் அடங்கும். மஞ்சளுக்கு ஊதா, பச்சைக்கு மஜெந்தா, செம்மஞ்சளுக்கு நீலம். ஒன்றைக் கவனியுங்கள்: பெயின்டில் மஞ்சளோடு நீலத்தை மட்டும் சேர்த்தால் அது பச்சைப் பக்கம் போய்விடும். நீலத்தோடு ஒரு துளி மஜெந்தா கலந்து ஊதாவாக்கி, அந்த ஊதாவை மஞ்சளுக்குள் விட வேண்டும். அப்போதுதான் பழுத்த வாழைப்பழத்தின் நிழல்பக்கம் வரும். கறுப்பைச் சேர்த்தால் மஞ்சள் பாசி பிடித்த பச்சையாக மாறும். பழம் அழுகியது போல் இருக்கும்.

ஆகவே முதல் நாள் ஒரு தாளில் கட்டங்கள் போட்டு, ஐந்து நிறத்தையும் இரண்டிரண்டாகக் கலந்து பாருங்கள். ஒவ்வொரு சோடியையும் மூன்று படியில் கலவுங்கள்: முதல் நிறம் கூட, சரிபாதி, இரண்டாவது நிறம் கூட. ஒவ்வொன்றுக்கும் கீழே வெள்ளை சேர்த்த வடிவத்தையும் வையுங்கள். வெள்ளை சேர்க்கும்போதுதான் ஆழ்ந்த கலவைக்குள் ஒளிந்திருக்கும் சாயல் வெளியே வரும். அல்ட்ராமரீனும் செங்காவியும் சேர்ந்த கறுப்புக்கு வெள்ளை விட்டால், மழைக்கு முந்தைய காலிமுகத்திடல் வானத்தின் சாம்பல் வந்து நிற்கும். எனக்கு முதன்முதலில் அது வந்தபோது நான் வேலைக்குப் பிந்திப் போனேன்.

இந்தத் தாளை எறியாதீர்கள். தீட்டும் மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

யன்னலும் வெளிச்சமும்

ஓவியப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு யன்னலைத் தேடச் சொல்லும். அது ஐரோப்பாவுக்குச் சரி. அங்கே வடக்குப் பக்கம் நேர் வெயில் அதிகம் வராது, நாள் முழுவதும் வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும். கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து கிட்டத்தட்ட 7 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு மேலே வரும். அதன்பிறகு செப்டம்பர் முதல் வாரம் வரைக்கும் அது வடக்குப் பக்கம்தான் நிற்கும். ஆகவே வைகாசி, ஆனியில் உங்கள் வடக்கு யன்னலுக்குள்ளும் வெயில் நுழையும். மார்கழி, தையில் தெற்கு யன்னலுக்குள் வரும். வெள்ளவத்தை ஒழுங்கைகள் பெரும்பாலும் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி ஓடுவதால், பல வீடுகளுக்கு வடக்கு அல்லது தெற்குப் பார்த்த யன்னல்தான். வருடத்தில் இரண்டு தடவை மேசையை இடம் மாற்றுங்கள். முடியாவிட்டால் யன்னலுக்கு ஒரு வெள்ளைத் துணி போட்டால் வெயில் பரவி மென்மையாகிவிடும்.

எனக்குப் பிடித்த வெளிச்சம் தென்மேற்குப் பருவமழைக் காலத்து மூடிய வானம். நிழல்கள் மெதுவாக மாறும், நிறங்கள் அடங்கி ஆழமாகத் தெரியும். மழை நாள் தீட்டுவதற்கு உகந்த நாள் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் அதுதான் நல்ல நாள்.

பொருளுக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வரட்டும். மேலே டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் நிழலும் இரண்டாகி, கண் குழம்பும். இரவில் மட்டுமே நேரம் கிடைப்பவர்கள் பகல் வெளிச்ச வகை எல்.இ.டி. பல்ப் வாங்குங்கள். பெட்டியில் 5000 கெல்வின் அளவும், நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்று சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேலும் இருந்தால் நல்லது. மஞ்சள் பல்பின் கீழ் தீட்டிய படத்தைக் காலையில் பார்த்தால் அது வேறு படமாக இருக்கும்.

எதை வைப்பது

இரண்டு பொருள், மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் வைத்தால் சின்னப் பலகை சந்தையாகிவிடும்.

சப்பாத்துப் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அதற்குள் பொருளை வையுங்கள். பின்னணியும் தரையும் உங்கள் கட்டுப்பாட்டில் வரும், வெளிச்சம் ஒரு வாயிலால்தான் நுழையும். உள்ளே விரிக்க பிளவுஸ் துண்டுகளைப் பாவிக்கிறேன். தைத்து மிஞ்சிய துண்டுகள் எல்லா வீட்டிலும் கிடக்கும்: மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, அரக்கு, கிளிப்பச்சை. நமக்கு நிறம் சொல்லித்தந்தது புடைவைக்கடை. ஒரு புடைவையை விரித்து அதன்மேல் இன்னொன்றைப் போட்டதும் முதலாவது மங்கிப்போவதையோ, திடீரென்று உயிர்பெறுவதையோ பார்க்காதவர் யார்? பிரான்ஸில் கோப்லன் தறிச்சாலையின் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரோல் என்னும் வேதியியலாளரிடம், கறுப்பு நூல் சரியாகக் கறுக்கவில்லை என்று முறைப்பாடு வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்து, சாயத்தில் பிழையில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை மங்கச் செய்கிறது என்று கண்டார். 1839இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். "அக்கா, இதை இந்த பிளவுசோட வைச்சுப் பாருங்கோ" என்று சொல்லும் கடைப்பிள்ளைக்கும் அது தெரியும்.

பொருளுக்குச் சந்தைக்குப் போங்கள். சமையலுக்கு வாங்கும் கண்ணோடு போகாமல், நிறத்துக்காக மட்டும் ஒரு சுற்று சுற்றுங்கள். நான் வழக்கமாக வாங்கும் மரக்கறிக்கடையில் ஒருநாள் ஒரேயொரு தக்காளியைத் தூக்கிக் கொடுத்தேன்.

"ஒண்டுதானோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை, படம் கீறத்தான். இந்தப் பாதி பச்சை, பாதி சிவப்பு வேணும்."

அன்றிலிருந்து கோணலான குடைமிளகாயும், நிறம் பாதியில் நின்ற தக்காளியும் எனக்காக ஒரு மூலையில் காத்திருக்கும். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்குவதில்தான் நிறம் அதிகம் இருக்கிறது. செவ்விளநீரின் செம்மஞ்சள், வெட்டிய பப்பாசியின் உட்பக்கம், மங்குஸ்தான் தோலின் ஊதாக் கறுப்பு, காய்ந்துபோன வெற்றிலையின் பொன்பழுப்பு. வீட்டுக்குள் பார்த்தால் பித்தளை மூக்குப்பேணி, சிரட்டை, பிளேன்டீ ஊற்றிய கண்ணாடிக் கோப்பை, பழைய பிஸ்கட் டின். பிளேன்டீயை ஒருமுறையாவது யன்னலுக்கு எதிரே வைத்துத் தீட்டிப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவி, மேசையில் விழும் நிழலுக்கு நடுவே ஒரு செம்பொன் பொட்டு தெரியும்.

ஒரு மாம்பழம், ஒரு தேசிக்காய், நீலத் துணி: தொடக்கம் முதல் முடிவு வரை

மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பான் கிடைத்தால் அதையே எடுங்கள். யாழ்ப்பாணத்துப் பழத்தின் பெயருக்குள் எங்கள் ஊர் இருப்பது எனக்குச் சின்ன சந்தோஷம். நிறத்துக்கும் அது நல்ல ஆசான். பழுத்த பிறகும் தோலில் பச்சை முழுதாகப் போகாது. மஞ்சளும் பச்சையும் எல்லைக்கோடு இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கரையும்.

முதலில் பலகையின் வெள்ளையை அடக்குங்கள். செங்காவியைத் தண்ணீரில் கரைத்து மெல்லிதாக ஒரு பூச்சு. வெள்ளைத் தளத்தில் எந்த நிறமும் அடர்த்தியாகத் தெரிவதால், பயந்து எல்லாவற்றையும் வெளிறவைத்துவிடுவோம். காவித்தளம் நடுநிலையில் நின்று உண்மை சொல்லும். நீலத் துணிக்கு இடையிடையே அந்தக் காவி எட்டிப் பார்க்கும்போது படத்துக்கு ஒரு சூடும் வரும்.

உலர்ந்ததும் மெல்லிய தூரிகையால் கோட்டுருவம். மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மாம்பழத்தை நட்டநடுவில் வைக்காமல் கொஞ்சம் ஒதுக்குங்கள். அது துணியில் விழுத்தும் நிழலையும் ஒரு பொருளாகக் கணக்கெடுத்து இடம் விடுங்கள்.

இனிக் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரங்கள் மறைந்து மூன்று தட்டுகள் மிஞ்சும்: வெளிச்சம், நடுத்தரம், இருட்டு. எந்த இடம் எந்தத் தட்டில் சேரும் என்று இப்போதே முடிவெடுங்கள். நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இது பிழைத்தால் மாம்பழம் உருளாது, தட்டையாகக் கிடக்கும். சந்தேகமாக இருந்தால் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள்.

அடுத்ததுதான் அவசரப்படக் கூடாத இடம். தூரிகையைத் தொடாமல், கத்தியால் ஆறு குவியல் கலந்துகொள்ளுங்கள். மாம்பழத்தின் வெளிச்சப்பக்கம்: மஞ்சள், கொஞ்சம் வெள்ளை, ஊசிமுனை அளவு மஜெந்தா. காம்பை ஒட்டிய பச்சை: மஞ்சளுக்குள் கொஞ்சம் அல்ட்ராமரீன். அல்ட்ராமரீன் சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலம் என்பதால் இந்தப் பச்சை பளபளக்காது. எண்ணெய்ப் பச்சையாக, அடக்கமாக வரும். கறுத்தக்கொழும்பானுக்கு அதுவே வேண்டும். நிழல்பக்கம்: மஞ்சள், செங்காவி, மேலே சொன்ன ஊதாவில் ஒரு துளி. துணியின் வெளிச்சம்: அல்ட்ராமரீன், வெள்ளை, மிகக் கொஞ்சம் காவி. துணியின் நிழல்: அதே நீலமும் காவியும், வெள்ளை இல்லாமல். ஆறாவது தேசிக்காய்.

ஒவ்வொரு குவியலையும் கத்தி நுனியில் எடுத்து, ஒரு கண்ணை மூடி, பொருளுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நிறம் பொருளுக்குள் கரைந்து காணாமல் போனால் சரியாக வந்துவிட்டது. தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் எதைச் சேர்க்க வேண்டும் என்று அதுவே சொல்லும். இந்த ஒரு பழக்கத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பை வேறெதற்கும் கொடுக்கமாட்டேன்.

அக்ரிலிக்கில் ஒரு விஷயம் எல்லாரையும் ஏமாற்றும்: உலர்ந்தால் நிறம் ஒரு படி அடர்ந்துவிடும். ஈரமாக இருக்கும்போது அதற்குள் இருக்கும் பிசின் பால்போல வெண்மையாக இருக்கும். தண்ணீர் ஆவியானதும் அது கண்ணாடி போலத் தெளிந்து, அந்த வெண்மை போய்விடும். ஆகவே கலந்த நிறத்தைத் தாளின் ஓரத்தில் தொட்டு, விசிறிக்குக் கீழே உலரவிட்டுப் பார்த்த பிறகு பலகைக்குப் போங்கள். வெளிச்சமான நிறங்களை ஒரு படி வெளிறவே கலந்துகொள்ளலாம்.

பெரிய தூரிகையால் இருட்டான இடங்களிலிருந்து தொடங்குங்கள்: துணியில் விழுந்த நிழல், பிறகு மாம்பழத்தின் நிழல்பக்கம், பிறகு துணி, கடைசியில் வெளிச்சம். பத்து நிமிடத்துக்குள் பலகையில் காவி கிட்டத்தட்ட மறைந்துவிட வேண்டும். விழுந்த நிழலின் ஓரம் பழத்துக்குக் கிட்டக் கூர்மையாகவும், தூரம் போகப்போகக் கலங்கலாகவும் இருக்கும். பழத்துக்கு அருகிலுள்ள துணியை உற்றுப் பாருங்கள். மஞ்சள் தோலில் பட்ட வெளிச்சம் துணியில் தெறித்து, அந்த இடத்து நீலத்தை மெல்லிய பச்சைச் சாம்பலாக்கியிருக்கும். அதே மாதிரி மாம்பழத்தின் அடிவயிற்றில் துணியின் நீலம் ஏறியிருக்கும். இந்த இரண்டையும் போட்ட கணத்தில் பழம் துணிமேல் உட்கார்ந்துவிடும். அதுவரை அது அந்தரத்தில் மிதந்துகொண்டிருக்கும்.

தேசிக்காய்க்கு வருவோம். அதற்குப் பளிச்சென்ற பச்சை வேண்டும், நம் அல்ட்ராமரீன் அதைத் தராது. தாலோ நீலம் என்று ஆறாவது டியூப் ஒன்று வாங்கினால் எலுமிச்சை மஞ்சளோடு கலந்து கூர்மையான பச்சை எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். கையிலுள்ள மங்கிய பச்சையையே தீட்டி, அதன் பக்கத்திலுள்ள துணியில் ஒரு சொட்டு மஜெந்தா கலந்து ஊதாச் சாம்பல் ஆக்குங்கள். பச்சையைத் தொடாமலே அது துலங்கும். புடைவைக்கடை வித்தை பலகையில் நடப்பது இப்படித்தான்.

இரண்டாவது சுற்றில் மெல்லிய பூச்சுகள். காம்புப் பச்சை மஞ்சளுக்குள் கரையும் இடத்தை ஈரத்தோடு ஈரமாகக் கலக்க முடியாமல் போனால், உலர்ந்த பிறகு, நிறமி சேராத பிசினான அக்ரிலிக் மீடியத்தில் கொஞ்சம் பச்சை கலந்து கண்ணாடித்தாள் போல மேலே ஓட்டுங்கள். இதற்குத் தண்ணீரை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீர் அதிகமானால் பிசின் நீர்த்துப்போய், நிறமி பலகையைச் சரியாகப் பிடிக்காது. கடைசியாகப் பளபளப்புப் புள்ளி. அதில் வெறும் வெள்ளை வைக்காதீர்கள். யன்னலால் வருவது வானத்தின் வெளிச்சம், ஒரு துளி நீலம் சேருங்கள். ஒரே தொடுகை. திரும்பத் தொட வேண்டாம்.

முக்கால் மணித்தியாலத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அடித்ததும் தூரிகையைக் கழுவுங்கள். என் பழைய பலகைகளில் கெட்டுப்போனவை பெரும்பாலும் அலாரத்துக்குப் பிறகு தொட்டவைதான்.

கொழும்புக் காற்றோடு ஒத்துப்போக

அடைமழை நாளில் ஈரக்காற்று பெயின்டை மெதுவாகவே உலரவிடும், விசிறியைப் போட்டால் நிறம் கலக்கும் தட்டான பலெட்டிலேயே தோல் கட்டிவிடும். தீட்டும்போது விசிறி உங்கள் பக்கம் இருக்கட்டும், பலெட் பக்கம் வேண்டாம். மூடி இறுக்கமான சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் நனைத்த கிச்சன் டிஷு விரித்து, மேலே பேக்கிங் பேப்பர் வைத்து, அதில் பெயின்டை வைத்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஈரமாக இருக்கும். எங்கள் சூட்டில் அதற்குமேல் வைத்தால் பூஞ்சணம் பிடித்து மணக்கும். டிஷுவை அடிக்கடி மாற்றுங்கள்.

தூரிகையைக் கழுவுமுன் பழந்துணியில் நன்றாகத் துடைத்துவிடுங்கள். கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் அடையவிட்டு, அடியில் தங்கும் பெயின்டைக் கடதாசியில் வழித்துக் குப்பையில் போடுங்கள். குசினித் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும்.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு சித்திரை மாதம் பன்னிரண்டு படங்களை முகத்துக்கு முகம் அடுக்கி அலுமாரியில் வைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து எடுத்தபோது எல்லாம் ஒட்டியிருந்தன. பிரித்தபோது இரண்டு படங்களின் பெயின்ட் தோலோடு உரிந்து வந்தது. ஒன்று, நான் அதுவரை தீட்டியதிலேயே எனக்கு ஆக விருப்பமான செவ்வரத்தை. அக்ரிலிக் உலர்ந்த பிறகும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான், சூட்டில் இளகும். படங்களுக்கு இடையில் பேக்கிங் பேப்பர் வைத்து நிறுத்திவையுங்கள், மேலே பாரம் ஏற்ற வேண்டாம்.

மனம் வராத நாட்களுக்கு

ஆசை வரும் என்று காத்திருந்தால் மாதங்கள் போகும். முதல் நாள் இரவே பெட்டிக்குள் பொருளை வைத்து, பலகையையும் ஐந்து டியூபையும் மேசையில் எடுத்துவைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் யன்னலைத் திறந்ததும் வெளிச்சம் அதில் விழும். மிச்சம் தன்னால் நடக்கும்.

அதுவும் நடக்காதபோது நான் செய்பவை சில. ஒரே தேசிக்காயை ஐந்து நாள் ஐந்து துணியில் வைத்துத் தீட்டுவேன். தேசிக்காய்க்கு ஒரே குவியல் பச்சையைத்தான் பாவிப்பேன். ஐந்து பலகையையும் வரிசையில் வைத்தால் ஐந்து வேறு பச்சை தெரியும். இன்னொரு வாரம் மூன்று டியூப் மட்டும்: வெள்ளை, செங்காவி, அல்ட்ராமரீன். மஞ்சளே இல்லாமல் வாழைப்பழம் தீட்ட வேண்டியிருக்கும்போது, சாம்பலுக்குப் பக்கத்தில் காவி எவ்வளவு மஞ்சளாக நடிக்கும் என்று தெரியவரும். இத்தாலியின் பொலோஞ்ஞாவில் வாழ்ந்த ஜோர்ஜியோ மொராண்டி (1890–1964) பல பத்து வருடங்கள் அதே போத்தல்களையும் கிண்ணங்களையும்தான் இடம் மாற்றி மாற்றித் தீட்டினார். பொருள் தீர்ந்துவிட்டது என்று தோன்றும் நாளில் அவருடைய படங்களைத் தேடிப் பாருங்கள்.

வீட்டை விட்டு வெளியேயும் போங்கள். சின்னக் கொப்பி ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நிறத்தைச் சொல்லாக எழுதிக்கொள்ளுங்கள். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைப் பட்டைகள், தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்குள் கலந்து றோஸ் ஆகிவிடும். கிட்டப் போனால் பிரியும். ஆடிவேல் தேர் செட்டியார் தெருவால் வரும் நாளில் குஞ்சமும் மாலையும் பட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைப் பாருங்கள். வந்து அந்த மூன்று நிறத்தை மட்டும் ஒரு தாளில் கலந்து வையுங்கள்.

படம் பார்க்க வேண்டுமென்றால் பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் பவுண்டேஷன் இருக்கிறது. '43 குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. 1943இல் கொழும்பில் கூடிய அந்த ஓவியர்களின் படங்கள் அங்கே வீட்டுச் சுவர்களிலேயே தொங்குகின்றன. படத்துக்கு மிகக் கிட்டப் போய் நின்று, ஒரு கன்னத்திலோ பழத்திலோ எத்தனை நிறம் இருக்கிறது என்று எண்ணுங்கள். வருடத் தொடக்கத்தில் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் மர நிழலில் நடக்கும் 'கலா பொல' திறந்தவெளி ஓவியச் சந்தை 1993 முதல் நடந்துவருகிறது. தீட்டியவர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். "இந்த நிழலுக்கு என்ன கலந்தீங்கள்?" என்று கேளுங்கள், ஆசையோடு சொல்வார்கள்.

ஒவ்வொரு பலகையின் பின்னாலும் திகதி, நேரம், மழையா வெயிலா, எந்த டியூப் என்று எழுதிவையுங்கள். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் தரையில் பரப்பினால், நீங்கள் அறியாமலே திரும்பத் திரும்பப் போன நிறம் எது என்று தெரியும். எனக்கு அது பச்சைச் சாம்பல். அடுத்த மாதம் அதையே நடுவில் வைத்துப் பொருள் தேடினேன்: காய்ந்த வெற்றிலை, பழைய செம்புக்காசு, கழுவாத முருங்கைக்காய்.

மாம்பழத்தைத் தீட்டி முடித்ததும் தூக்கி வைத்துவிடாதீர்கள். கத்தியால் ஒரு கன்னத்தை அறுத்து, அறுத்த பக்கம் யன்னலைப் பார்க்க அதே நீலத் துணியில் வையுங்கள். உள்ளே இருக்கும் செம்மஞ்சளுக்கு உங்கள் ஆறு குவியலில் எதுவும் பொருந்தாது. மஞ்சளையும் மஜெந்தாவையும் புதிதாகக் கலவுங்கள். ஈரம் மினுங்கும் அந்தச் சதை இருபது நிமிடத்தில் மங்கத் தொடங்கும், அதற்குள் இரண்டாவது பலகை. பிறகு பழத்தைச் சாப்பிடலாம்.